இருபது நிமிடத் தண்ணீர்

நிம்ஃபாவின் வலது கையில் மூன்று விரல்கள் இனி நிமிராது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தக் கையால்தான் அவள் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள். அந்தக் கையை வைத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. இப்போது எங்கள் சந்தில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கவனம் இல்லாதவள் என்கிறாள் ஒருத்தி. தலையெழுத்து என்கிறாள் இன்னொருத்தி. கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. முதலிலிருந்து கடைசிவரை கூடவே நின்றவள் நான் ஒருத்திதான். ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஹெர்மினியா. மலபோன் நகரத்தில், மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் இந்தச் சந்துகளுக்கு நான்தான் சுகாதாரப் பணியாளர். பதினாறு வருடமாக இதே நீலச் சட்டைதான். குழந்தைகளை எடை போடுவேன், கிழங்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பேன், தடுப்பூசிக்கு வராதவர்களை வீடு வீடாகப் போய் இழுத்து வருவேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை கூடைப்பந்து மைதானத்தில் நாற்காலி போட்டு ஒரு கூட்டம் நடத்துவேன். வீட்டில் பாதுகாப்பு, வீட்டில் ஆரோக்கியம் என்று பேசுவேன். கூட்டம் நன்றாகவே வரும். என் பேச்சுக்காக இல்லை. முடிவில் ஆளுக்கொரு தட்டு நூடுல்ஸ் உண்டு. நான் வாயைத் திறக்கும்போதே பாதிப்பேர் மடியில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்வதெல்லாம் பெரிய வித்தை இல்லை. மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதே. அடுப்பில் இருக்கும் வாணலியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கேஸ் டியூபை வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்று. சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டு, பற்பசை தடவாதே. இதைச் சொல்லும்போது எல்லாத் தலையும் ஆடும். வீட்டுக்குப் போனதும் அடுப்புப் பக்கத்தில் மறக்காமல் ஒரு பற்பசைக் குழாய் இருக்கும். பல்லுக்கு வேறு, தீப்புண்ணுக்கு வேறு என்று இரண்டு குழாய் வைத்திருக்கும் வீடுகூட எனக்குத் தெரியும்.

பற்பசையைக்கூடப் பிடுங்கி எறிந்துவிடலாம். பாஸ்மாவை என்ன செய்வது? வேலை செய்து சூடேறின உடம்பில் தண்ணீர் பட்டால் பாஸ்மா வரும் என்பது இங்கே தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். நரம்பு சுருங்கும், கை நடுங்கும், கண் மங்கும் என்பார்கள். துணி துவைத்தவள் குளிக்க மாட்டாள். இஸ்திரி போட்டவள் கை கழுவ மாட்டாள். கையை ஒரு துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, விடிந்த பிறகுதான் தண்ணீரைத் தொடுவாள். அடுப்படியில் நின்றவளும் மீன் அரிந்தவளும் கழுவாத கையோடு குழந்தைக்கு ஊட்டுகிற கொடுமையைப் பார்த்து, கழுவச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப் போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, நாற்பது வயது வரை நானும் கையைச் சுற்றி வைத்தவள்தான்.

நிம்ஃபா எங்கள் சந்தின் கோடியில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். புருஷன் கத்தாரில் கட்டட வேலை. இவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணி தேய்த்துக் கொடுக்கிறாள். பிப்ரவரிக் கூட்டத்தில் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுடுநீர் கொட்டிவிட்டால் முதலில் என்ன செய்யணும் என்று நான் கேட்டதும் கையைத் தூக்கி எழுந்து நின்றாள். "இருபது நிமிஷம் ஓடுற தண்ணி, அக்கா. பற்பசை கிடையாது, வெண்ணெய் கிடையாது, ஐஸ் கிடையாது." ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவளுக்கு ஒரு கிலோ சர்க்கரை பரிசு கொடுத்து, எல்லாரையும் கைதட்ட வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் வருடக் கடைசி விழா நெருங்கிவிட்டது. வெள்ளைச் சட்டையெல்லாம் கஞ்சி போட்டு விறைப்பாக நிற்க வேண்டும் என்று ஆசிரியைகள் சொல்லியிருந்தார்கள். நிம்ஃபா காலை ஐந்து மணிக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியவள் பிற்பகல் வரை கீழே வைக்கவில்லை. இன்னொரு மூட்டைக்காக மரவள்ளி மாவைக் கரைத்து அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுப்பு தரையிலிருந்து ஒரு முழ உயரம்கூட இல்லை. வெளியே வெயிலில் ஓடியாடிவிட்டு உள்ளே வந்த ஷைரா, அவளுடைய ஆறு வயது மகள், கொடியில் தொங்கிய ஒரு சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். சட்டை கழன்று வர, அவள் அடுப்போரம் விழுந்தாள். கூடவே பானையும் சாய்ந்தது.

நான் அப்போது சொட்டு மருந்துப் பட்டியலோடு நான்கு வீடு தள்ளி நின்றிருந்தேன். அலறல் கேட்டு ஓடினேன். கொதிக்கும் தண்ணீராவது வழிந்து போய்விடும். கஞ்சி போகாது, அப்படியே ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். பிள்ளையின் இடது தோளிலிருந்து முழங்கை வரை வெள்ளையாகப் படிந்து கிடந்தது. அடுத்த வீட்டு பாசிங் எனக்கு முன்னாலேயே வந்து, பற்பசைக் குழாயை நடுவில் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். பிதுங்கி வந்த பச்சைப் பசை பிள்ளையின் தோளில் ஏறிவிட்டது.

நான் பாசிங்கின் கையைத் தட்டிவிட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வா, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நிம்ஃபாவிடம் சொன்னேன். அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள்.

"வேண்டாம் அக்கா. காலையிலேர்ந்து வெயில்ல ஓடிட்டு வந்திருக்கா. உடம்பெல்லாம் வேர்வை. இப்ப பச்சத் தண்ணி ஊத்தினா நரம்பு சுருங்கிடும்."

"மூணு வாரம் முன்னாடி எழுந்து நின்னு பதில் சொன்னது யாருடி? கைதட்டல் வாங்கினது யாரு?"

"அது கூட்டத்துல சொல்ற பதில், அக்கா. இது என் புள்ள."

பதினாறு வருடம். எத்தனை சனிக்கிழமை, எத்தனை தட்டு நூடுல்ஸ். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வாசலில் கொட்டிவிட்டாள். அவளிடமிருந்து பிள்ளையை வெடுக்கென்று பறித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

எங்கள் சந்துக் குழாயில் விடியற்காலை தவிர வேறெப்போதும் தண்ணீர் வராது. பெரிய நீல டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது பாசிங் வீட்டு வாசலில்தான். அதன் பக்கத்தில் அவள் புருஷன் எலிசியோ கரோக்கே மிஷினைத் தெருவில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, டிரம்மில் மிதந்த குவளையை எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன். பாசிங் பின்னாலேயே ஓடி வந்தாள். அது திருவிழாச் சமையலுக்குப் பிடித்து வைத்த தண்ணீராம். மைத்துனன் வீட்டிலிருந்து பதினைந்து பேர் வருகிறார்களாம். ஒரு குவளை போதாதா, பிள்ளை நனைந்துவிட்டாளே என்கிறாள். பதினைந்து பேருக்கும் பற்பசை தடவிக் கொடு, தின்றுவிட்டுப் போகட்டும் என்றேன்.

என் கைக்கடிகாரம் போன மாதமே நின்றுவிட்டது. இருபது நிமிடத்தை எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? எலிசியோ பாட்டை நிறுத்திவிட்டு மைக்கும் கையுமாக வாய் பிளந்து நின்றான்.

"நிறுத்தாத. பாடு. அஞ்சு பாட்டு முடியிற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

அவன் பயந்து போய்ப் பாடினான். உலகத்தில் எவனும் அவ்வளவு நடுங்கிய குரலில் காதல் பாட்டுப் பாடியிருக்க மாட்டான். பாட்டு முடிந்ததும் மிஷின் வழக்கம்போல் மேளம் கொட்டித் தொண்ணூற்றேழு மார்க் போட்டது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பச்சைப் பசை கரைந்தது. கஞ்சி தோலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி இறங்கியது. இரண்டாவது பாட்டு நடுவிலேயே ஷைராவின் அலறல் விசும்பலாகிவிட்டது.

என் வாய் மட்டும் ஓயவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர், அம்மாக்காரிக்கு வசவு. கையெட்டும் உயரத்தில் கொதிக்கிற பானையை வைப்பாளா ஒருத்தி என்றேன். சர்க்கரை வாங்கத்தான் கையைத் தூக்கினாயா என்றேன். உன் மண்டையில் இருப்பது மூளையா கஞ்சியா என்றேன். சந்தே கூடிவிட்டது. கூட்டம் சேரச் சேர எனக்குக் குரல் ஏறியது. மைக் எலிசியோவிடம் இருந்தும் அன்று என் குரல்தான் கேட்டது. நிம்ஃபா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். வலது கையைத் துண்டில் சுற்றி வயிற்றோடு அழுத்தி வைத்திருந்தாள். இஸ்திரி போடுகிறவள் கையைத் துண்டில் சுற்றியிருப்பதில் என்ன அதிசயம்? அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிந்தது. பிள்ளை வெந்து கிடக்கும்போதும் இவளுக்குத் தன் பாஸ்மாதான் பெரிதாகப் போயிற்று என்று அதையும் சேர்த்துத் திட்டினேன். அவள் ஒன்றிரண்டு தடவை என் பக்கம் நகர்ந்து வந்தாள். பிள்ளையைப் பிடுங்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, அங்கேயே நில்லு என்று விரட்டினேன்.

ஐந்து பாட்டும் முடிந்தன. டிரம்மில் அடிமட்டத் தண்ணீர்தான் மிச்சம். நிம்ஃபா தேய்த்து அடுக்கி வைத்திருந்த துணியில் சுத்தமான தலையணை உறை ஒன்றை எடுத்து வரச் சொல்லி, பிள்ளையின் கையை அதைக் கொண்டு லேசாகப் போர்த்தினேன். ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். நிம்ஃபா பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். வெட்கம் வந்துவிட்டது போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, உடனே தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். நான் நிமிர்ந்து நின்றேன். தழும்பு கொஞ்சம் இருக்கும், ஆனால் கைக்கு ஒரு குறையும் வராது, நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் காப்பாற்றியது என்றார். பொய் சொல்வானேன், எனக்குக் கால் அப்படியே தரையிலிருந்து ஒரு அடி எழும்பிவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். பழம் கொடுக்கப் போனேனா, கதை சொல்லப் போனேனா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். எட்டுக் கட்டில் இருந்த வார்டு அது. எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி நடந்ததைச் சொன்னேன். பற்பசை, பாஸ்மா, 'இது என் புள்ள', ஒன்றையும் விடவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்கள் அச்சச்சோ என்றார்கள், நிம்ஃபாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவள் இடது கையால் மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் அதே துண்டு.

"ஆஸ்பத்திரிக்கு வந்துமா இந்தத் துண்டு? இங்க என்ன இஸ்திரியா போடுற?" என்று கேட்டேன். வார்டே சிரித்தது. அவளும் சிரிப்பது போல் வாயை வைத்துக்கொண்டு, கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். நர்ஸ் ஒருத்தி அவளைக் கடந்து இரண்டு தடவை போனாள். அவளும் பிள்ளையைத்தான் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் ஷைரா வீட்டுக்கு வந்துவிட்டாள். எடை போடும் வேலை, தடுப்பூசி வேலை என்று எனக்கு இரண்டு நாள் ஓடிவிட்டது. ஏழாம் நாள் காலையில் பிள்ளையின் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனேன். கதவைத் தாண்டும்போதே ஒரு நாற்றம் அடித்தது. அழுகிய இறைச்சியின் நாற்றம். சொல்லச் சொல்லக் கேட்காமல் பிள்ளையின் கட்டைப் பிரித்து எதையோ தடவியிருக்கிறாள் என்று நினைத்தேன். தலைக்கு மேல் கோபம் ஏற, கையைக் கழுவிக்கொண்டு, ஷைராவின் கட்டைப் பிரித்தேன். புண் சுத்தமாக இருந்தது. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் விளிம்பு கட்ட ஆரம்பித்திருந்தது. நாற்றம் போகவில்லை.

அறையில் இஸ்திரி மூட்டைகள் கட்டியபடியே கிடந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. நிம்ஃபா மூலையில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுரத்தில் கொதித்தது. அவள் மடியில் இருந்த துண்டைச் சுற்றி இரண்டு ஈ பறந்தது.

நான் எழுந்து போய் அந்தத் துண்டைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை. கடைசிச் சுற்று பிரியவில்லை, சதையோடு ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பிரித்தேன். காய்ந்த பற்பசை, அதற்குக் கீழே காய்ந்த கஞ்சி, அதற்குக் கீழே சீழ். மூன்று விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி அப்படியே நின்றுவிட்டன. பானை சாய்ந்தபோது அதைப் பிள்ளைமேல் முழுதாகக் கவிழ விடாமல் பிடித்து நிறுத்தியது அந்தக் கை. பாதிக் கஞ்சி அதில்தான் கொட்டியிருந்தது. நான் அந்த அறைக்குள் நுழைந்தபோது பார்த்தது பிள்ளையை மட்டும்தான். பானையை யார் பிடித்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். ஏழு நாளாக வாயில் என்ன வைத்திருந்தாய், உன் பாஸ்மா மண்ணாகப் போக, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கை போயிருக்குமா என்று கத்தினேன். ஷைரா பயந்து அழுதாள். நிம்ஃபா மகளை இடது கையால் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் இல்லை. சுரத்தில் குரல் மெலிந்திருந்தது.

"பாஸ்மான்னு இல்ல அக்கா. மொதல்ல பயந்தேன், அது நெசந்தான். ஆனா ரெண்டாவது பாட்டு பாடுறப்பவே புள்ள அழுகை கொறைஞ்சிடுச்சு. அதப் பாத்ததும் நீங்க சொன்னது சரிதான்னு எனக்கே புரிஞ்சிடுச்சு. என் கைக்கும் ஒரு குவளை ஊத்தச் சொல்லலாம்னு ரெண்டு வாட்டி கிட்ட வந்தேன்."

"வந்துட்டு ஏண்டி கேக்கல?"

"நீங்க கத்திட்டே இருந்தீங்க, அக்கா."

அடுத்த வசவு என் நாக்கு நுனிவரை வந்து நின்றிருந்தது. வாயை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளைத் தூக்கி நிறுத்தினேன்.